படிவம் 6 கணக்குக்கு ஆன்லைன் கால்குலேட்டர் போதுமா?

அக்கா, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் இங்கே மலேசியாவில் படிவம் 6-இல், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில், கணிதம் டி என்ற பாடம் எடுத்திருக்கிறாள். வீட்டில் கைப்பேசியில் ஆன்லைன் சயின்டிஃபிக் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறாள். புத்தகத்தின் பின்பக்க விடையும் கைப்பேசி காட்டும் விடையும் பல நேரம் ஒத்துவருவதில்லை. புதிதாக ஒரு கேசியோ கால்குலேட்டர் வாங்கித் தர வேண்டுமா, இல்லை இதுவே போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கேசியோ வாங்கத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. படிவம் 6-க்கான எஸ்.டி.பி.எம். பரீட்சை மண்டபத்துக்குள் கைப்பேசி போகாது, புரோகிராம் எழுத முடியாத சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் மட்டும்தான் போகும். விரல் அந்தக் கருவியில் பழகியிருக்காவிட்டால் தேர்வு நாளில் பட்டன் தேடுவதிலேயே நேரம் போய்விடும். புதிதுதான் வாங்க வேண்டும் என்பதில்லை, போன வருடம் படிவம் 6 முடித்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பல வீட்டில் அலமாரியில் சும்மா கிடக்கும். அதற்காக ஆன்லைன் கால்குலேட்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து விஷயத்தைப் புரிந்துகொள்ள அது கேசியோவை விட நல்ல கருவி. விடை ஒத்துவராததுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன், அதைப் பற்றித்தான் நீளமாக எழுதப் போகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தவன், இப்போது சாயங்காலத்தில் டியூஷன் எடுக்கிறேன். விடை மாறுகிறது என்று வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, கருவி டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்றுதான். இரண்டும் கோணத்தை அளக்கும் அலகுகள். பத்தில் ஆறேழு பேர் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். கேசியோவை வாங்கிய அன்று அது டிகிரியில் இருக்கும். கூகுள் தேடல் பெட்டியில் வரும் கால்குலேட்டரும் டெஸ்மோஸ் என்ற ஆன்லைன் வரைபடக் கால்குலேட்டரும் ரேடியனில் தொடங்கும். சைன் 30 என்று தட்டினால் 0.5 வர வேண்டிய இடத்தில் -0.988 வரும். இதில் ஒரு குறும்பு வேறு உண்டு: சில செயலிகளில் பட்டனில் எழுதியிருப்பது இப்போதைய நிலை அல்ல, அமுக்கினால் மாறப்போகும் நிலை. ஐபோன் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பாருங்கள், ரேட், அதாவது ரேடியன், என்று பட்டனில் இருக்கும், ஆனால் அது டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். பட்டனைப் பார்த்து நம்ப வேண்டாம், சைன் 30 தட்டிப் பார்த்துவிடச் சொல்லுங்கள், ஐந்து விநாடி வேலை.

நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். செம்பனையை முக்கோண இடைவெளியில் நடுவோம் இல்லையா, மரத்துக்கு மரம் 9.2 மீட்டர் என்றால் ஒரு ஹெக்டருக்கு எத்தனை மரம்? ஒரு மரத்துக்குக் கிடைக்கும் நிலம் 9.2² × சைன் 60 சதுர மீட்டர். ஆக 10000 ÷ (9.2² × சைன் 60). சரியாகப் போட்டால் 136.4 வரும், தோட்டங்களில் சொல்லும் அதே 136. இதையே ரேடியனில் வைத்துத் தட்டினால் -387.6 வரும். ஒரு ஹெக்டருக்கு மைனஸ் 387 மரம்! இந்த மாதிரித் தப்பு நல்ல தப்பு, பார்த்தவுடனே சிரிப்பு வந்துவிடும், திருத்திக்கொள்வோம்.

சிரிப்பு வராத தப்புதான் ஆளைக் கவிழ்க்கும். அதே கணக்கில் பிராக்கெட்டை விட்டுவிட்டு 10000 ÷ 9.2² × சைன் 60 என்று தட்டினால் 102.3 வரும். கருவி இடமிருந்து வலமாகப் போய், வகுத்து முடித்த விடையை சைன் 60-ஆல் பெருக்கிவிடுகிறது. 102 பார்க்க அழகான எண், மைனஸ் இல்லை, கோடிக்கணக்கிலும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 20 ஹெக்டர் மறுநடவுக்குக் கன்று கணக்கு எழுதியபோது செய்தது சாட்சாத் இதே தப்பு. 2,046 கன்று என்று அழகாக எழுதி நீட்டினேன், வேண்டியது 2,728. கிட்டத்தட்ட 680 கன்று குறைவு. பிடித்தவர் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டாத மண்டோர், அதாவது வேலை மேற்பார்வையாளர். தாளைப் பார்த்தார், மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார், "என்னா தம்பி, ஏக்கருக்கு நாப்பத்தொண்ணுதானா? நடுவுல மாடு மேய்க்கப் போறீங்களா?" என்றார். ஏக்கருக்கு 55 என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறின எண். எனக்குக் கால்குலேட்டர் இருந்தது, அந்த 55 இல்லை.

அதனால் டியூஷனில் நான் வைத்திருக்கும் ஒரே கண்டிப்பான விதி: பட்டனைத் தொடும் முன்னால் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். 9.2-ஐ 9 என்று வைத்தால் 81, சைன் 60 சுமார் 0.9, பெருக்கினால் 73 பக்கம், 10000-ஐ 73-ஆல் வகுத்தால் 140-க்குக் கொஞ்சம் கீழே. இப்போது 102 வந்தால் கண்ணில் குத்தும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

அப்புறம், பிராக்கெட் விஷயத்தில் கருவிக்குக் கருவி பழக்கம் வேறு. 6 ÷ 2(1+2) என்று பெருக்கல் குறி போடாமல் தட்டினால் கேசியோ கிளாஸ்விஸ் வகை 2(1+2)-ஐ ஒரே கட்டாக எடுத்துக்கொண்டு 1 என்று சொல்லும், கூகுள் 9 என்று சொல்லும். இதை வைத்துக்கொண்டு எது சரி என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை. பெருக்கல் குறியையும் பிராக்கெட்டையும் முழுசாகப் போட்டுவிட்டால் எல்லாக் கருவியும் ஒரே விடைதான் சொல்லும். மைனஸ் எண்ணும் அப்படித்தான். -3² என்று தட்டினால் கேசியோவும் டெஸ்மோஸும் -9 தரும், அவை வர்க்கத்தை முதலில் எடுத்துவிட்டு மைனஸைப் பிறகு ஒட்டுகின்றன. எக்செல் மட்டும் 9 தரும். எக்ஸ் இருக்கும் இடத்தில் -3 போடும்போது (-3)² என்று எழுதும் பழக்கம் வரவேண்டும். இருபடிச் சமன்பாட்டில் பிள்ளைகள் பாதி மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

லாக் பட்டன் இன்னொரு கண்ணி. கேசியோவிலும் கூகுளிலும் லாக் என்றால் 10-ஐ அடியாகக் கொண்ட மடக்கை, லாக் 100 என்றால் 2. வொல்ஃப்ராம் ஆல்ஃபா என்ற இணையக் கருவியில் லாக் என்றால் இயற்கை மடக்கை, அதாவது கேசியோவில் எல்என் என்று இருப்பது, அங்கே லாக் 100 என்றால் 4.605. அது பிழையில்லை, உயர்கணிதம் எழுதுகிறவர்களின் வழக்கம் அது. மகளின் புத்தகத்தில் எல்என் என்று இருக்கும் விடை திரையில் லாக் என்று வந்தால் அவள் பயந்துபோகக் கூடாது, அவ்வளவுதான்.

இனி ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நார்மல் டிஸ்ட்ரிபியூஷன். படிவம் 5 வரை படிக்கும் ஆட் மேத்ஸிலும் (கூடுதல் கணிதம்) வருகிறது, படிவம் 6-இன் மூன்றாவது பருவத்திலும் வருகிறது. படிவம் 5 பரீட்சையான எஸ்.பி.எம். தாளோடு கொடுக்கும் அட்டவணையில் கியூ என்பது வலது வால், அதாவது இஸட் 1-க்கு மேலே இருக்கும் பரப்பு, 0.1587. ஆன்லைனில் தேடினால் கிடைக்கும் பெரும்பாலான நார்மல் கால்குலேட்டர்கள் இடதுபக்கம் முழுவதையும் கூட்டி 0.8413 என்று தரும். சரி, 1-இல் இருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய கேசியோ 570எம்எஸ்ஸில் புள்ளிவிவர நிலைக்குப் போனால் பி, கியூ, ஆர் என்று மூன்று இருக்கும். அதில் கியூ என்பது நம் அட்டவணையின் கியூ இல்லை! அங்கே பி என்பது இடதுபக்கம் முழுவதும், 0.8413. கியூ என்பது நடுவில் இருந்து இஸட் வரைக்கும், 0.3413. ஆர் என்பதுதான் வலது வால், 0.1587. ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று கியூவை அமுக்கி, 0.3413-ஐ எழுதி, முழுக் கேள்வியையும் கோட்டைவிட்ட பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். மணி வடிவத்தை வரைந்து, வேண்டிய பகுதிக்குப் பென்சிலால் நிழல் அடித்து, அது பாதிக்கு மேலா கீழா என்று பார்த்துவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும். வலது வால் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தவளை 0.8413 ஏமாற்றாது. 0.3413-ம் பாதிக்குக் கீழேதான், அதனால் அது கொஞ்சம் ஏமாற்றும், அதற்குத்தான் படம்.

இரண்டாம் பருவத்து விஷயங்களுக்கு, அதாவது எல்லை (லிமிட்), டிஃபரென்சியேஷன், இன்டக்ரேஷன் எல்லாவற்றுக்கும், ஆன்லைன் கருவி பொன். அதிலும் நியூட்டன்-ராப்சன், அதாவது சமன்பாட்டின் விடையைப் படிப்படியாக நெருங்கும் முறை. காஸ் எக்ஸ் = எக்ஸ் என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1-இல் தொடங்கி, சூத்திரத்தை ஒரே ஒரு முறை, முந்தைய விடையைத் தரும் ஆன்ஸ் பட்டனை வைத்து எழுதிவிட்டு, அப்புறம் சமக்குறியை மட்டும் அமுக்கிக்கொண்டே போகலாம்: 0.75036, 0.73911, 0.73909, அவ்வளவுதான், நின்றுவிடும். ஒவ்வொரு அமுக்கிலும் சரியான இலக்கங்கள் கிடுகிடுவென்று கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். சும்மா காஸ் பட்டனையே திரும்பத் திரும்ப அமுக்கினாலும் அதே 0.739 வரும், ஆனால் மூன்று இலக்கம் சரியாக வருவதற்கே இருபது முறை பக்கம் அமுக்க வேண்டும். இரண்டையும் செய்து பார்த்த பிள்ளைக்கு நியூட்டன் முறை எதற்கு என்று யாரும் விளக்கவே வேண்டாம். கருவி டிகிரியில் இருந்தால் மட்டும் 0.99985 என்ற இடத்தில் போய் நிற்கும். அதுவும் நம்பும்படியான எண்தான், பாருங்கள் வம்பை. கால்குலஸ் என்று வந்துவிட்டால் ரேடியன்தான், வேறு பேச்சில்லை.

எல்லையைப் பற்றி ஒரு வேடிக்கை. என் (n) என்ற எண் பெரிதாகப் பெரிதாக (1 + 1/என்) என்பதன் என்-ஆவது அடுக்கு இ என்ற எண்ணை, அதாவது 2.718281828-ஐ நெருங்கும் என்று புத்தகம் சொல்கிறது. உலாவியில் ஓடும் பெரும்பாலான கால்குலேட்டர்களில் என்னுக்கு 10⁸ போடுங்கள், 2.71828180 பக்கம் வரும், நன்று. 10¹² போடுங்கள், 2.71852, அட, தள்ளிப் போகிறதே. 10¹⁵ போட்டால் 3.035. 10¹⁶ போட்டால் 1, வெறும் 1. ஒரு மாணவி புத்தகமே தப்பு என்று என்னிடம் வாதாடினாள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். விஷயம் என்னவென்றால் இந்தக் கருவிகள் எண்ணைப் பைனரியில், நம் தசமக் கணக்கில் சொன்னால் 15, 16 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரம் வகுத்த முறை அது. 1-உடன் 10⁻¹⁶-ஐக் கூட்டினால் அந்தச் சின்னத் துணுக்குக்கு இடமில்லை, உதிர்ந்துவிடும், மிஞ்சுவது 1, அதை எத்தனை முறை பெருக்கினாலும் 1. ஜாவாஸ்கிரிப்டில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வருவதும் இதே குடும்பத்துச் சங்கதிதான். அணிக்கோவைக் கணக்கில் 1 முதல் 9 வரை வரிசையாக எழுதிய 3×3 அணிக்கு டிட்டர்மினன்ட் சரியாகப் பூஜ்யம், ஆனால் சில கருவிகள் 6.66×10⁻¹⁶ என்று ஏதோ ஒன்றைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு பூஜ்யம் இல்லையே, தலைகீழ் அணி இருக்கிறது என்று எழுதினால் போச்சு. திரையில் பத்தின் அடுக்கு மைனஸ் பதினைந்து, பதினாறு என்று வந்தால் அது அநேகமாகப் பூஜ்யம்தானா என்று கையால் சரிபார்க்க வேண்டும். இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு: ஆண்ட்ராய்டில் கூகுளே கொடுக்கும் கால்குலேட்டர் செயலி வேறு முறையில் எண்களைக் கையாள்கிறது, அதில் 10¹⁰⁰ + 1 − 10¹⁰⁰ போட்டால் ஒழுங்காக 1 தரும், மற்ற பலவற்றில் 0 வரும்.

எதற்கு எது என்றால், என் பழக்கத்தைச் சொல்கிறேன். வரைபடம் பார்க்க டெஸ்மோஸ். கோடு எங்கே வெட்டுகிறது, எங்கே வளைகிறது என்பதை விரலால் இழுத்துப் பார்க்கலாம், சின்னத் திரையிலும் தெளிவாக இருக்கும். ஜியோஜீப்ரா கொஞ்சம் கனமானது, ஆனால் அதில் குறியீடாகவே வகையிடவும் தொகையிடவும் முடியும்; மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தபோது தொடங்கிய வேலை அது, இன்னும் இலவசம். செயலியாக ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய லைன் இல்லாத நேரத்திலும் ஓடும். தோட்டத்து உள்ளே லயத்து வீடுகளில் மழை வந்தால் லைன் போவது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் இணையப் பக்கத்தை விடச் செயலிதான் நல்லது. வொல்ஃப்ராம் ஆல்ஃபா 2009-இல் வந்தது, கேட்டால் எதையும் சொல்லும், ஆனால் இணையம் இல்லாமல் ஆகாது, படிப்படியாகச் செய்முறை வேண்டுமென்றால் காசு கேட்கும்.

இந்தப் பெரிய கருவிகளிடம் ஒரு குணம். அவை சரியான விடையையே நமக்குப் பழக்கமில்லாத உருவத்தில் தரும். சைன் எக்ஸ் × காஸ் எக்ஸ் என்பதைத் தொகையிட்டால் புத்தகத்தில் சைன் வர்க்கத்தில் பாதி என்று இருக்கும், கருவி மைனஸ் காஸ் வர்க்கத்தில் பாதி என்று தரும், இன்னொன்று மைனஸ் காஸ் 2எக்ஸில் கால் பங்கு என்று தரும். மூன்றும் சரி. ஒன்றுக்கொன்று ஒரு மாறிலிதான் வித்தியாசம், கடைசியில் போடும் அந்த சி இருக்கிறதே, அது அதை விழுங்கிவிடும். சந்தேகம் இருந்தால் எக்ஸுக்கு இரண்டு மூன்று மதிப்புப் போட்டுக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் அதே வித்தியாசம் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். அதே மாதிரி (-8)-இன் 1/3 அடுக்கை டெஸ்மோஸிடம் கேட்டால் -2 என்று சொல்லும், வொல்ஃப்ராம் 1 + 1.732 ஐ (ஐ என்பது -1-இன் வர்க்கமூலம்) என்று கலப்பெண் ஒன்றை நீட்டும். -8-க்கு மூன்று முப்படி மூலங்கள் உண்டு, ஒன்று ஒன்றைப் பிடித்துக்கொண்டது, மற்றது வேறொன்றை. முதல் பருவத்துக் கலப்பெண் பாடம் படித்த பிள்ளைக்கு இது குழப்பமில்லை, நல்ல பயிற்சிக் கேள்வி. கலப்பெண்ணிலேயே இன்னொன்று: -1 − ஐ என்பதன் கோணத்துக்கு டேன் தலைகீழ் போட்டால் எந்தக் கருவியும் 45 டிகிரி என்றுதான் சொல்லும், உண்மையான கோணம் -135. புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்று அந்தப் பட்டனுக்குத் தெரியாது, வரைந்து பார்த்த மகளுக்குத் தெரியும்.

கேமராவில் கணக்கைப் படம் பிடித்தால் முழுச் செய்முறையும் எழுதித் தரும் செயலிகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் தடுப்பதில்லை, தடுத்தாலும் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் செய்யச் சொல்வேன்: முதலில் தானே போட்டு முடித்துவிட்டு அப்புறம் படம் பிடி, எந்த வரியில் உன் பாதையும் அதன் பாதையும் பிரிகிறது என்று பேனாவால் சுழி. எதிர்வரிசையில் செய்கிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம், வீட்டுப் பாடம் முழுக்கச் சரியாக இருக்கும், கரும்பலகைக்குக் கூப்பிட்டால் முதல் வரியே வராது.

இன்றிரவு மகளிடம் கைப்பேசியைக் கொடுத்து நான்கு விஷயம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: சைன் 30, லாக் 100, -3², 6 ÷ 2(1+2). வந்த விடைகளை ஒரு சின்னத் தாளில் எழுதி கைப்பேசி உறைக்குள் செருகி வைக்கட்டும். கேசியோ வாங்கின பிறகு அதிலும் அதே நான்கையும் தட்டி, பக்கத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். இரண்டு வரிசையும் எங்கெங்கே மாறுகிறதோ அதுதான் இத்தனை நாள் விடை ஒத்துவராத இடம், பெரும்பாலும். அதற்குப் பிறகும் ஒத்துவராத கணக்கு இருந்தால் என்ன தட்டினாள் என்பதை அப்படியே, பிராக்கெட் உட்பட, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். விடையை மட்டும் அனுப்பினால் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.